லின்டன் ஜான்சன் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராகத் தெரிவு செய்யப்படல், 1960

1960 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில், மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளர் ஜான் எஃப். கென்னடி, தம்முடன் போட்டியிடும் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக லின்டன் பி. ஜான்சனை ஜூலை 14 அன்று தெரிவு செய்தார். ஒரு துணை வேட்பாளரின் சாதக பாதகங்களை எடைபோடுவதற்கு எடுத்துக்காட்டாக இத்தெரிவு பெரிதும் ஆராயப்படுகிறது. 1963 இல் கென்னடி கொல்லப்பட்டபோது ஜான்சன் குடியரசுத் தலைவரானார்.

பின்னணி

அமெரிக்க அரசியலமைப்பின்படி, குடியரசுத் தலைவர் இறந்தால் துணைக் குடியரசுத் தலைவர் அப்பதவியை ஏற்பார். 1960 க்கு முன்னர் இவ்வாறு எழுவர் பதவிக்கு வந்திருந்தனர். அவர்களுள் இறுதியானவர் 1945 இல் பதவியேற்ற ஹாரி ட்ரூமன். எனினும், நடைமுறையில் துணை வேட்பாளர்கள் பெரும்பாலும் தேர்தல் கணக்கை ஒட்டியே தெரிவு செய்யப்பட்டனர். முதன்மை வேட்பாளருக்கு வலுவில்லாத நிலப்பகுதி, சமயம், வயது, அனுபவம் ஆகியவற்றை ஈடுசெய்யக்கூடியவரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

கென்னடி மாசச்சூசெட்சைச் சேர்ந்தவர், 43 வயதினர், கத்தோலிக்கர். அதுவரை கத்தோலிக்கர் எவரும் குடியரசுத் தலைவரானதில்லை. புரட்டஸ்தாந்தினர் மிகுந்த தென் மாநிலங்களில் இது பெரும் தடையாகக் கருதப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த கட்சி மாநாட்டில், ஜூலை 13 அன்று முதல் சுற்றிலேயே 806 வாக்குகள் பெற்று அவர் வேட்பாளரானார். இரண்டாம் இடம் பெற்ற ஜான்சனுக்கு 409 வாக்குகள் கிடைத்தன. துணை வேட்பாளர் பதவிக்கு மிசூரியின் ஸ்டூவர்ட் சைமிங்டன், வாஷிங்டன் மாநிலத்தின் ஹென்றி ஜாக்சன், மினசோட்டா ஆளுநர் ஆர்வில் ஃப்ரீமன் ஆகியோரின் பெயர்களும் பேசப்பட்டன.

சாதகங்கள்

* டெக்சாஸ் மாநிலத்துக்கு 24 தேர்வாளர் வாக்குகள் இருந்தன. 1952, 1956 தேர்தல்களில் அங்கு குடியரசுக் கட்சியின் ஐசனாவர் வென்றிருந்தார். டெக்சாசைச் சேர்ந்த ஜான்சன் அம்மாநிலத்தை மீட்கவும், ஏனைய தென் மாநிலங்களைக் கட்சியில் நிறுத்தவும் உதவக்கூடியவர்.
* ஜான்சன் 1955 முதல் செனட் அவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தார். சட்டமன்ற நடைமுறையில் அவருக்கு நிகரானவர் அன்று அரிது.
* அவர் புரட்டஸ்தாந்தர்; கென்னடியை விட ஏறத்தாழ ஒன்பது வயது மூத்தவர்.
* அவர் செனட்டில் தொடர்ந்தால், கென்னடியின் ஆட்சிக்கு ஒரு தனி அதிகார மையமாக இருந்திருப்பார்.

பாதகங்கள்

* வட மாநிலங்களின் தாராளவாதிகளும் தொழிற்சங்கத் தலைவர்களும் ஜான்சனை நம்பவில்லை. 1957 ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டத்தை அவரே நிறைவேற்றினார். ஆயினும், தென் மாநில உறுப்பினர்களின் எதிர்ப்பைத் தணிக்க அதன் முக்கியப் பிரிவுகளை நீக்கியும் தளர்த்தியும் விட்டார் என அவர்கள் குறை கூறினர். கறுப்பின வாக்காளர்களின் ஆதரவு குறையக்கூடும் எனவும் அஞ்சப்பட்டது.
* 1955 இல் அவருக்குக் கடுமையான மாரடைப்பு ஏற்பட்டிருந்தது.
* வேட்பாளர் போட்டியின்போது ஜான்சனின் ஆதரவாளர்கள் கென்னடிக்கு அடிசன் நோய் இருப்பதாக வெளிப்படையாகக் கூறினர். இதனால் இரு தரப்புக்கும் இடையே கசப்பு நிலவியது.

தெரிவு

ஜூலை 14 காலை பில்ட்மோர் விடுதியில் கென்னடி ஜான்சனைச் சந்தித்தார். அன்று பிற்பகல் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி ஜான்சன் தரப்பினரைப் பலமுறை சந்தித்து, கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பை எடுத்துரைத்தார். ஜான்சனை விலகச் செய்யத் தமையனின் ஒப்புதலுடன் அவர் முயன்றாரா, தாமாகவே முயன்றாரா என்பதில் உடனிருந்தோரின் கூற்றுகள் வேறுபடுகின்றன. முதலில் எதிர்த்த சபாநாயகர் சாம் ரேபர்ன் பின்னர் இணங்கினார். அன்று மாலை மாநாடு குரல் வாக்கெடுப்பில் ஜான்சனை ஏற்றது. இவ்விருவருக்கும் இடையிலான பகைமை இறுதிவரை நீடித்தது.

டெக்சாஸ் சட்டம் 1959 இல் திருத்தப்பட்டிருந்ததால், ஜான்சன் செனட் தேர்தலிலும் ஒரே வேளையில் போட்டியிட்டார், இரண்டிலும் வென்றார்.

தேர்தலில் விளைவு

ஜான்சன் அக்டோபரில் தென் மாநிலங்கள் வழியாகத் தொடர்வண்டியில் பயணம் செய்து வாக்குச் சேகரித்தார். நவம்பர் 4 அன்று டாலஸ் நகர விடுதி ஒன்றில் எதிர்ப்பாளர் கூட்டம் அவரையும் அவர் மனைவியையும் சூழ்ந்து நெருக்கியது. இந்நிகழ்வு அவர்கள்பால் பரிவை ஏற்படுத்தியதாகக் கருதப்படுகிறது.

நவம்பர் 8 அன்று நடந்த தேர்தலில் கென்னடி 303 தேர்வாளர் வாக்குகளும், ரிச்சர்ட் நிக்சன் 219 வாக்குகளும் பெற்றனர். டெக்சாசில் கென்னடி ஏறத்தாழ 46,000 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். லூசியானா, ஆர்கன்சா, ஜார்ஜியா, வட கரொலைனா, தென் கரொலைனா ஆகியனவும் அவர் பக்கம் நின்றன. எனினும் புளோரிடா, வர்ஜீனியா, டென்னசி ஆகியவற்றில் நிக்சன் வென்றார்.

ஜான்சனால்தான் கென்னடி வென்றார் என்னும் கூற்று முழுதும் சரியன்று. வெற்றிக்குத் தேவைப்பட்டவை 269 வாக்குகள். டெக்சாசை மட்டும் இழந்திருந்தால் கென்னடிக்கு 279 எஞ்சியிருக்கும். ஆனால், டெக்சாசுடன் 14 வாக்குகள் கொண்ட வட கரொலைனாவும் கைவிட்டுப் போயிருந்தால், அவருக்குப் பெரும்பான்மை கிடைத்திராது.

மதிப்பீடு

துணைக் குடியரசுத் தலைவராக ஜான்சனுக்கு அதிகாரம் மிகக் குறைவாகவே இருந்தது. கென்னடி 1963 நவம்பர் 22 அன்று டாலசில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவர் பதவியேற்றார். தெரிவின்போது அவருக்கு எதிராக முதன்மையாகக் கூறப்பட்ட குறை குடியுரிமைகள் பற்றியது. ஆனால் 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டமும், 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் அவரது ஆட்சியிலேயே, அவரது சட்டமன்றத் திறன் துணைசெய்ய, நிறைவேறின. மறுபுறம், அவர் விரிவாக்கிய வியட்நாம் போர் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. 1968 தேர்தலில் அவர் போட்டியிடாமல் விலகினார். வியட்நாம் குறித்து அவர் எடுக்கக்கூடிய முடிவுகள் 1960 இல் செய்யப்பட்ட மதிப்பீடுகளில் முக்கிய இடம் பெறவில்லை. வாக்குகளுக்காகத் தெரிவு செய்யப்படுபவர் நாட்டை ஆளவும் நேரிடலாம் என்பதற்கு இத்தெரிவு சான்றாகக் கூறப்படுகிறது.