இரு மௌனப்படங்களில் முக்கோணக் காதல்: ‘ஷிராஸ்’, ‘பிரபஞ்ச பாஷ்’

‘ஷிராஸ்’ (1928), ‘பிரபஞ்ச பாஷ்’ (1929) ஆகிய மௌனப்படங்கள் இரண்டும் ஹிமான்சு ராயின் முயற்சியால் உருவானவை. ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டன் இயக்கியவை. இந்திய நடிகர்களைக் கொண்டு இந்தியாவிலேயே எடுக்கப்பட்ட இவை, ஐரோப்பியப் பார்வையாளரையும் கருத்திற்கொண்டவை. ஹிமான்சு ராய், சாரு ராய், சீதா தேவி ஆகிய மூவரும் இரண்டிலும் நடித்துள்ளனர். ஓராண்டு இடைவெளியில் சீதா தேவி ஏற்ற இரு வேடங்களே இவ்வொப்பீட்டிற்கு வாயிலாகின்றன.

‘ஷிராஸ்’ தாஜ்மகால் எழுந்த வரலாற்றைப் புனைவாக்குகிறது. குயவர் வீட்டில் வளரும் செலிமாவை உடன் வளர்ந்த ஷிராஸ் காதலிக்கிறான். அடிமையாக விற்கப்படும் அவளோ தன்னை வாங்கிய இளவரசன் குர்ரம் மீது காதல் கொள்கிறாள். எனினும் அவள் விருப்பம் மட்டுமே அவளை அரசியாக்கப் போதுமானதன்று. அவள் அரச குலத்தவள் என்பதை ஒரு தாயத்து மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. பெண்ணின் தேர்வுக்குப் பிறப்பு முத்திரையிடுகிறது எனலாம்.

இப்படத்தில் தன் காதலுக்காகத் தானே திட்டமிட்டுச் செயற்படும் பெண் ஒருத்திதான். அவள் தளபதியின் மகள் தாலியா. குர்ரமை அடையச் சூழ்ச்சி செய்யும் அவளே கதையின் தீயவளுமாகிறாள். இவ்வேடத்தை ஏற்றவர் சீதா தேவி.

‘பிரபஞ்ச பாஷ்’ படத்தில் அவரே நாயகி சுனிதா. வேட்டையில் காயமுற்ற மன்னன் ரஞ்சித், கண்வரின் இல்லத்தில் அவளைக் காண்கிறான். பெயரும் சூழலும் சாகுந்தலத்தை நினைவூட்டுவன. ரஞ்சித்தின் சூதாட்ட வேட்கையை வெறுத்துத் தந்தை மறுக்க, சுனிதா அவர் சொல்லை மீறி அவனுடன் செல்கிறாள். செலிமாவிடம் காணப்படாத துணிவு இது. ஆனால் அவள் தேர்ந்த அக்காதலனே அவளைச் சூதில் இழக்கிறான். வெல்பவன் அவளை விரும்பும் மற்றொரு மன்னன் சோகன்.

கதைக்கு மகாபாரதச் சூது அடிப்படை. அங்குத் தன்னை இழந்தவன் மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டோ எனத் திரௌபதி அவையை வினவுகிறாள். பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ (முதற்பாகம் 1912, இரண்டாம் பாகம் 1924) அறிந்தோர்க்கு அவ்வினாவின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. படத்திலோ கதையைத் திருப்புவது அவ்வினாவன்று. சோகனின் காய்கள் கள்ளக் காய்கள் என்னும் கண்டுபிடிப்பே. ஆட்டம் நேர்மையாக நடந்திருப்பின் சுனிதாவின் நிலை என்ன? கண்வர் வழியாகச் சூதைக் கண்டிக்கும் படம், பெண் பணயமாவதைத் தனிக் குற்றமாக எழுப்பவில்லை. இது காப்பியத்தினின்று ஒரு பின்னடைவே. கண்கவர் அரண்மனைகளும் யானை, குதிரைத் திரளும் இக்குறையை மறைத்துவிடுகின்றன.

இதற்கு ஊடகத்தின் மௌனத்தைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. மௌனப்படங்களில் உரையாடல் எழுத்து அட்டைகளாகத் திரையில் வருவது வழக்கம்; ஒரு வினாவுக்கு ஓர் அட்டையே போதும்.