விஸ்கோ பெண்: கேலி எழுதிய வரலாறு

2019 ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்து அமெரிக்கப் பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்ட வேளையில், அந்நாட்டுப் பதின்ம வயதினரிடையே ஒரு புதிய பெயர் அடிபடத் தொடங்கியது. 'விஸ்கோ கேர்ள்' என்பதே அப்பெயர். ஒரு சில மாதங்களுக்குள் பெரிய பத்திரிகைகள் எல்லாம் அதற்கு விளக்கக் கட்டுரை எழுதின. பெற்றோர் தம் பிள்ளைகளிடம் அதன் பொருளைக் கேட்டறிந்தனர். அடுத்த வசந்தத்துக்கு முன்னரே அந்த மோகம் அடங்கிவிட்டது. இத்தகைய அற்பாயுள் விடயம் ஒன்றுக்கு வரலாறு எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எனினும், பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில், இதில் நாம் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு என்றே நான் கருதுகிறேன்.

முதலில் பெயரின் மூலத்தைப் பார்ப்போம். விஸ்கோ என்பது கைத்தொலைபேசியில் புகைப்படங்களைத் திருத்துவதற்கான ஒரு செயலி. திருமணப் புகைப்படக் கலைஞராக இருந்த ஜோயல் புளோரியும் வடிவமைப்பாளரான கிரெக் லட்ஸும் 2011 இல் கலிபோர்ணியாவில் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். செயலி 2012 இல் வெளிவந்தது. பழைய படச்சுருளில் எடுத்ததைப் போன்ற மங்கிய, இதமான வண்ணங்களைப் படத்துக்கு ஏற்றுவதே அதன் சிறப்பு. இன்னொரு சிறப்பும் இருந்தது. ஒரு படத்தை எத்தனை பேர் விரும்பினர், எத்தனை பேர் பின்தொடர்கின்றனர் என்ற கணக்கை அது எவருக்கும் காட்டவில்லை. கருத்துரைப் பகுதியும் கிடையாது. அடுத்தவரின் மதிப்பெண்ணுக்கு அஞ்சாமல் படம் போடக்கூடிய இடமாக இளம்பெண்கள் பலர் அதைக் கண்டனர்.

அந்தப் படங்களில் தெரிந்த கடற்கரைச் சாயல் நாளடைவில் ஓர் உடையலங்காரமாக உருப்பெற்றது. தொளதொளத்த பெரிய ரீசேர்ட், கழுத்தில் சிப்பி மாலை, தலையிலும் மணிக்கட்டிலும் ஸ்க்ரன்ச்சி எனப்படும் துணிச்சுருக்கு வளையம், காலில் பேர்கன்ஸ்டொக் செருப்பு, முதுகில் சுவீடன் நாட்டுக் கொன்கன் பை, கையில் ஏறத்தாழ 40 டொலர் விலையுள்ள ஹைட்ரோ பிளாஸ்க் உருக்குப் போத்தல். இவற்றுள் எதுவுமே புதியதன்று என்பது குறிப்பிடத்தக்கது. பேர்கன்ஸ்டொக் 1966 இல் அமெரிக்காவுக்கு வந்து ஹிப்பிகளின் காலணியாகப் பெயரெடுத்தது. கொன்கன் பை 1978 இல் சுவீடன் பாடசாலைப் பிள்ளைகளின் முதுகுவலியைத் தவிர்க்கவென உருவாக்கப்பட்டது. ஸ்க்ரன்ச்சிக்கு ரொமி ரெவ்சன் என்ற பாடகி 1987 இல் காப்புரிமை பெற்றார். தாய்மாரின் காலத்துப் பொருட்களை மகள்மார் மீண்டும் கையிலெடுத்தனர்.

உடையோடு ஒரு பேச்சுவழக்கும் சேர்ந்துகொண்டது. வியப்பிலும் சிரிப்பிலும் 'ஸ்க் ஸ்க் ஸ்க்' என்பது, ஏதேனும் தவறினால் 'அண்ட் ஐ ஊப்' என்பது, இடையிடையே 'ஆமைகளைக் காப்பாற்றுங்கள்' என்பது. ஆனால் இந்தப் பேச்சைப் பெரும்பாலானோர் கேட்டது விஸ்கோ பெண்களின் வாயிலிருந்து அல்ல. அவர்களைப் போல் நடித்துக் கேலி செய்த டிக்டொக் காணொளிகளிலிருந்தே கேட்டனர். நாடெங்கும் அப்பெயரைக் கொண்டுசென்றவை அந்தக் காணொளிகளே. கேலியைப் பார்த்துச் சிலர் அந்த உடையை அணிந்தனர். அணிந்தவர்களைப் பார்த்து மேலும் கேலி பிறந்தது.

இது முன்னரும் நடந்ததுதான். 1920களில் கூந்தலைக் கத்தரித்து, குட்டைப் பாவாடை அணிந்து, தமக்கெனத் தனிக் கொச்சைமொழி பேசிய அமெரிக்க இளம்பெண்களைப் 'பிளாப்பர்' என்றனர். இன்று நாம் மனக்கண்ணில் காணும் பிளாப்பரின் உருவத்தைப் பெருமளவுக்கு ஆக்கியவர் ஜோன் ஹெல்ட் என்ற கேலிச்சித்திரக்காரர். நையாண்டியாக அவர் வரைந்த படங்களைப் பார்த்தே இளைஞர்கள் உடுத்தத் தொடங்கினர். 1982 இல் பிராங்க் ஸப்பா என்ற இசைக்கலைஞர், லொஸ் ஏஞ்சலிஸின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பெண்களின் பேச்சைக் கிண்டல் செய்து ஒரு பாடல் வெளியிட்டார். பேசி நடித்தவர் அவருடைய 14 வயது மகள் மூன். நகைப்பதற்காக எழுந்த அந்தப் பாடலே, ஒரு வட்டாரத்துக் கொச்சையை நாடு முழுவதற்கும் கற்றுக்கொடுத்தது.

மூன்று தலைமுறைகளிலும் பதிவேட்டை எழுதியது நையாண்டி செய்தவரின் கை. அவ்வாறு எழுதப்படும்போது விடுபட்டுப்போவன எவை என்பதே என் கேள்வி.

முதலாவது, சொற்களுக்கு உரியவர்களின் பெயர். 'அண்ட் ஐ ஊப்' என்பது ஜாஸ்மின் மாஸ்ரர்ஸ் என்ற கறுப்பின மேடைக்கலைஞர் 2015 இல் வெளியிட்ட ஒரு காணொளியில், பேச்சின் நடுவே திடீர் வலியால் தடைப்பட்டபோது உதிர்த்த தொடர். 'ஸ்க் ஸ்க்' என்பதும் கறுப்பின இளைஞர்கள் ட்விட்டரில் முன்னரே கையாண்டு வந்த எழுத்துச் சிரிப்பு. வசதியான வெள்ளையினப் பெண்களின் உளறல் என்ற முத்திரை குத்தப்பட்டதும், அவற்றின் பிறப்பிடம் மறைந்துபோயிற்று.

இரண்டாவது, ஆமை. 2015 ஆகஸ்ட் மாதம் கொஸ்ராரிக்காக் கடலில், கிறிஸ்ரின் பிக்னர் என்ற உயிரியலாளரின் குழுவினர், ஓர் ஆமையின் மூக்கில் செருகியிருந்த பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாயைக் குறட்டினால் இழுத்தெடுத்தனர். இரத்தம் வழிய அந்த ஆமை துடித்த காணொளி உலகையே உலுக்கியது. அது நம் கடற்கரைகளிலும் முட்டையிட வருகின்ற, தமிழ்நாட்டில் பங்குனி ஆமை எனப்படுகின்ற இனம். 2018 இல் சியாற்றில் நகரம் உணவகங்களில் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய்களைத் தடைசெய்தது. விஸ்கோ பெண்ணின் பையில் இருந்த உலோகக் குழாய்க்குப் பின்னால் இருந்த செய்தி இதுவே.

விலையுயர்ந்த போத்தல்களை வாங்கிக் குவிப்பது சூழல் பாதுகாப்பாகுமா என்று அன்றே பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆயினும், விஸ்கோ நகைச்சுவை உச்சத்தில் இருந்த அதே 2019 செப்டெம்பரில்தான் கிரேற்ரா துன்பெர்க்கின் அழைப்பை ஏற்று உலகெங்கும் மாணவர்கள் காலநிலைக்காக வகுப்புகளைப் புறக்கணித்து வீதிக்கு இறங்கினர். அவர்களில் பெண்பிள்ளைகள் முன்னணியில் நின்றனர். ஒரே வயதுப் பெண்களின் ஒரே கவலை ஒரு பக்கத்தில் தலைப்புச் செய்தியாகவும், மறுபக்கத்தில் நகைச்சுவைத் துணுக்காகவும் வெளிவந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் குறைவு.

2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. விஸ்கோ பெண்ணும் பேச்சிலிருந்து மறைந்தாள். உருக்குப் போத்தல் மட்டும் மறையவில்லை. 2023 அளவில் ஸ்ரான்லி என்ற வேறொரு பெயரில் மீண்டும் மோகமாயிற்று. பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் விலக்கியது. இலங்கை 2023 ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம், இடியப்பத் தட்டுகளோடு சேர்த்து அவற்றையும் தடைசெய்தது. இந்தச் சட்டங்களை விஸ்கோ பெண்கள் கொண்டுவந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் எதைச் சொன்னதற்காகச் சிரிக்கப்பட்டார்களோ, அது அரசாங்கங்களின் சட்டப் புத்தகங்களில் ஏறியது என்பதே உண்மை.

நாளைக்கு நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் நமக்கு விளங்காத ஏதேனும் ஒரு சொல்லோடு வந்து நிற்பார்கள். சிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்; சிரித்த பின்னராவது அச்சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று அவர்களிடமே கேட்டு எழுதிவைப்பது நன்று. கேட்காதவிடத்து, கேலிக்காரர் வரைந்த படமே வரலாற்றில் மிஞ்சும்.