போராங் 14

2021 நவம்பர் 20-இல் நடந்த மலாக்கா சட்டமன்றத் தேர்தலில் கிளேபாங் தொகுதியை மலேசியச் சீனர் சங்கத்தின் (ம.சீ.ச.) வேட்பாளர் லிம் பான் ஹோங் 23 ஓட்டில் பிடித்தார். இடைவெளி இவ்வளவு சின்னதாக இருந்தால், யாருக்கு எத்தனை என்று பார்ப்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி குறுக்கே வந்து நிற்கும். கொடுத்த சீட்டு எத்தனை, பெட்டியில் கிடந்தது எத்தனை? மலேசியாவில் இதற்குப் பதில் சொல்பவை ‘போராங்’ எனப்படும் இரண்டு படிவங்கள்: போராங் 13, போராங் 14.

காலையில் காலிப் பெட்டியைத் திறந்து காட்டி முத்திரை வைப்பதிலிருந்தே கணக்கு ஆரம்பம். முதல் மேசை கிராணி ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி, பட்டியலில் உள்ள எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பிரதியில் அதே பெயரைக் கோடு போட்டு அடிப்பார்கள். அப்புறம் விரலில் மை, கையில் சீட்டு, மறைவில் ஒரு குறி. மாலையில் சாவடி மூடியதும் போராங் 13 எழுதப்படும்: வந்த சீட்டு இத்தனை, கொடுத்தது இத்தனை, கெட்டுப்போனது இத்தனை, மிச்சம் இத்தனை. பெட்டியைக் கவிழ்த்து எண்ணி முடித்தபின் போராங் 14. பெட்டியில் இருந்திருக்க வேண்டிய சீட்டு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்தது, செல்லாதது என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தால், வாக்காளர் கையில் கொடுத்தும் பெட்டிக்கு வந்து சேராத சீட்டுக்கென்று தனியாக ஓர் இடம் இருக்கும். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும் ஆசாமிகளுக்காகச் சட்டமே ஒதுக்கி வைத்த இடம் அது.

கணக்கு ஒத்துவந்தால் ‘கேதிஎம்’ எனப்படும் சாவடித் தலைவர் கையெழுத்துப் போடுவார், ஏஜெண்டுகளும் போடுவார்கள், ஆளுக்கொரு பிரதி கிடைக்கும். எல்லாச் சாலுரான்களின் (ஓட்டுப் போடும் வரிசைகளின்) போராங் 14-ஐயும் கூட்டிப் போராங் 16-இல் எழுதிய பிறகுதான் வெற்றி அறிவிப்பு.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த ஏஜெண்டுக்கு இதெல்லாம் புதிதல்ல. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பதும், பால் நிறுக்கும்போது அந்தக் குறியோடு ஒத்துப் பார்ப்பதும் தோட்டத்துக் கிராணிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. பேருக்கு நேரே குறி இருந்து பால் இல்லையென்றால் கேள்வி கங்காணிக்குப் போகும்.

ஆனால் செக்ரோலில் இருந்த பேரெல்லாம் வாக்காளர் பட்டியலுக்கு வந்துவிடவில்லை. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதோடு மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டத் தொழில் மலாக்காவில்தான் தொடங்கியது. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றப் பகுதி என்பதால், இங்கே பிறந்த தமிழர் பிரிட்டிஷ் பிரஜைகள். அந்தப் பிறப்பு 1948-இல் கைகொடுத்தது. நாட்டிலேயே நிலையாகக் குடியிருந்தால், ஓட்டுக்கு வேண்டிய மலாயாக் கூட்டரசின் குடியுரிமை அவர்களுக்குத் தானாகவே வந்தது. ஜாசின் தோட்டத்தில் பிறந்தவருக்கு இருந்த இந்த வழி, கேசாங் ஆற்றுக்கு அக்கரையில் ஜொகூரில் பிறந்த அவருடைய தம்பிக்கு இல்லை. கப்பலேறி வந்த அப்பாவுக்கும் இல்லை. 1955 ஜூலை 27-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலின் பட்டியலில் சுமார் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். சீனர் போக, இந்தியர் உள்ளிட்ட ஏனையோர் 5 விழுக்காட்டைத் தொடவில்லை. அன்று எண்ணியவர்கள் எத்தனை கவனமாக எண்ணியிருந்தாலும், பட்டியலுக்கு வெளியே நின்ற தோட்டத்து ஆள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. சுதந்திரத்துக்குப் பின்னும், குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு ஐசியோடு வயதானவர்கள் தோட்டந்தோறும் இருந்தார்கள்.

1990 தேர்தலிலிருந்து பெரிய மாற்றம் ஒன்று வந்தது. அதுவரை பெட்டிகளை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். இனிமேல் ஓட்டுப் போட்ட இடத்திலேயே எண்ண வேண்டும் என்றாயிற்று. வழியில் பெட்டி மாறும், பெட்டி ‘பிறக்கும்’ என்ற சந்தேகங்களுக்கு இது நல்ல மருந்து. சில நூறு பேரின் பெயரையும் சில நூறு சீட்டையும் அங்கேயே, அப்போதே ஒத்துப் பார்த்துவிடலாம். பிசகினால் உடனே தெரியும். சட்ட அறிஞர் சோதி ராசகன் 1993-இல் மலேசியத் தேர்தல் சட்டம் பற்றித் தனி நூலே எழுதுமளவுக்கு இந்த விதிமுறைகள் அந்தக் காலத்தில் மாறிக்கொண்டும் விவாதிக்கப்பட்டும் வந்தன.

தோட்டத்துக்கு இந்த மருந்து கொஞ்சம் கசந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பெட்டி திறந்தால் வெளியே வருவது அந்தத் தோட்டத்தின் ஓட்டு. எந்த லயம் யாருக்குப் போட்டது என்று தெரியாவிட்டாலும், தோட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது இரவுக்குள் மானேஜருக்கும் தெரியும், கட்சிக் கிளைத் தலைவருக்கும் தெரியும். ரோடு, தண்ணீர், கோயில் மானியம் எல்லாம் அடுத்து அவர்களிடம்தான் கேட்க வேண்டும். சாலுரான்களை வயதுவாரியாகப் பிரிப்பதும் சேர்ந்துகொண்டதால், கிழவர்கள் எப்படி, இளவட்டம் எப்படி என்றுகூடப் படித்துவிடலாம். கூட்டம் சின்னதாக ஆக ஆகக் கணக்கு சுத்தமாகும், ரகசியம் மெலியும். சட்டம் எழுதியவர்கள் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள் என்று தோன்றுகிறது. தோட்டத்து மக்களின் பயமோ பெட்டியைப் பற்றியது அல்ல.

அடிக்கட்டையும் இந்தப் பயத்தை வளர்த்தது. சீட்டில் தொடர் எண் உண்டு; கிழித்த அடிக்கட்டையிலும் அதே எண். முன்பெல்லாம் அந்த அடிக்கட்டையில் வாக்காளரின் பட்டியல் எண்ணையும் எழுதிவைத்தார்கள். கள்ள ஓட்டு விழுந்தால் நீதிமன்றத்தில் தேடிப் பிடிக்க உதவும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ‘நம்ம ஓட்டு அவங்களுக்குத் தெரியும்’ என்று பேசிக்கொண்டவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. தேர்தல் ஆணையம் அந்த வழக்கத்தைப் பின்னாளில் கைவிட்டது.

சீட்டும் குறியும் கச்சிதமாக ஒத்துப்போய், பட்டியலே பொய்யாக இருந்தால்? 1999 சபா தேர்தலில் லிக்காஸ் தொகுதியில் நடந்தது அதுதான். 2001 ஜூன் 8-இல் நீதிபதி முகமட் கமில் அவாங் பட்டியலில் புகுந்திருந்த ‘ஆவி வாக்காளர்களை’க் காரணம் காட்டி முடிவை ரத்து செய்தார். ஒரே ஆள் இரண்டு முறை வருவதைத் தடுக்கும் அழியா மை 2008-இல் தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது கைவிடப்பட்டு, 2013-இல்தான் விரலுக்கு வந்தது. வந்த மை கழுவினால் போய்விடுகிறது என்ற புகார் அன்றே கிளம்பியது.

போராங் 14 என்ற பேர் வீட்டுக்கு வீடு தெரிந்தது 2018 மே 9 பொதுத்தேர்தல் இரவில். சாவடித் தலைவர்கள் சிலர் அதில் கையெழுத்திட மறுக்கிறார்கள் என்று எதிர்க்கட்சிக் கூட்டணியின் தலைவர் மகாதீர் செய்தியாளர் கூட்டத்தில் குற்றஞ்சாட்ட, கையெழுத்தான தாள்களின் படங்கள் கைபேசிகளில் பறந்தன. அந்தத் தேர்தலில் மலாக்காவின் 28 தொகுதிகளில் 15 அந்தக் கூட்டணிக்குப் போய் ஆட்சி மாறியது. தமிழர் கணிசமாக உள்ள காடேக் தொகுதி மலேசிய இந்தியர் காங்கிரசிடமிருந்து (ம.இ.கா.) ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜ.செ.க.) போனது, 2021-இல் ம.இ.கா. அதைத் திரும்பப் பிடித்தது.

18 வயதில் தானாகவே பட்டியலில் சேரும் முறை 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. மலாக்கா தேர்தல் அதற்கு 25 நாள் முன்பே முடிந்துவிட்டதால், 20 வயதான பிள்ளைகள்கூட அந்தத் தடவை வீட்டிலேயே இருந்தார்கள். 2018-இல் 1 கோடியே 49 இலட்சமாக இருந்த நாட்டின் பட்டியல், 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலுக்குள் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. புதிதாகச் சேர்ந்தவர்களின் முகவரி ஐசியில் உள்ளபடியே பட்டியலுக்குப் போனது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பம் பட்டணத்து வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோன பிறகும் ஐசியை மாற்றாமல் இருந்தவர்களுக்கு, ஓட்டு இன்னும் பழைய தோட்டத்துப் பக்கம்தான்.