பாவனை உலகக் கருதுகோள்

நாம் காணும் உலகமும் அதைக் காணும் நம் மனமும் வேறு அறிவினர் இயக்கும் ஒரு கணினியின் கணக்கீடாக இருக்கலாம் என்னும் கருத்து பாவனை உலகக் கருதுகோள் எனப்படும். இதன் இன்றைய வடிவம் 2003இல் உருவானது. கணினியை எடுத்துவிட்டால் எஞ்சும் கேள்வி மிகப் பழையது: காணும் உலகம் மெய்யா, தோற்றமா? தமிழில் இக்கேள்வி பல நூற்றாண்டுகள் வாதிக்கப்பட்டது. அவ்வாதத்தின் ஒரு பக்கத்தை 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றவர், மலேசியாவின் நெகிரி செம்பிலானில் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலைபார்த்த ஒரு தமிழ் மருத்துவர்.

உலகம் தோற்றமே என்பது அத்வைதிகளின் கட்சி. கௌடபாதர் மாண்டூக்கிய காரிகையில் கனவையும் நனவையும் ஒப்பிட்டு, இரண்டிலும் காணப்படுவன ஒரே தன்மையன என்றார். ஆதிசங்கரர் வழியில் வந்தோர் மெய்ம்மையைப் படிகளாகப் பிரித்தனர். கயிற்றில் தெரியும் பாம்புக்குத் தெரியும் அளவே மெய்ம்மை உண்டு. உலகத்துக்கு வியாவகாரிகம் என்னும் நடைமுறை மெய்ம்மை உண்டு. முடிந்த மெய்ம்மை பிரமம் ஒன்றுக்கே உரியது. இப்படிகளை விட்டுவிட்டு, அத்வைதம் உலகத்தை வெறும் பொய் என்றது எனச் சுருக்கிச் சொல்வது தவறு.

இன்றைய கருதுகோளுக்கு மிக அருகில் வரும் பழைய கதை, வீரை ஆளவந்தார் தமிழில் பாடிய ஞானவாசிட்டத்தில் உள்ள லீலையின் கதை. அரசன் பதுமன் இறக்க, அவன் மனைவி லீலை கலைமகளை வேண்டுகிறாள். ஓர் அந்தணன் இறந்து எட்டு நாளே ஆன சிறு வீட்டுக்குள் தங்கள் அரசும் நாடும் நீண்ட வாழ்வும் அடங்கியிருந்ததைத் தெய்வம் அவளுக்குக் காட்டுகிறது. உலகத்துக்குள் உலகம், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் காலம் என்னும் இரண்டும் இக்கதையிலேயே முழுமையாக உள்ளன.

மறுகட்சி சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் உலகத்தை ஆக்கப்பட்ட பொருள் என்று நிறுவுவதிலிருந்தே தொடங்குகிறது. தோன்றி நின்று ஒடுங்குவதால் உலகம் ஆக்கப்பட்டது. ஆயினும் அது பொய்யன்று. குடத்துக்குக் குயவன் நிமித்த காரணம், சக்கரம் துணைக் காரணம், மண் முதற்காரணம். அதுபோல உலகுக்கு இறைவன் நிமித்தம், அவன் சத்தி துணை, மாயை முதல். இங்கே மாயை என்பது மயக்கம் அன்று. உலகம் ஒடுங்கி மீளத் தோன்றுவதற்கு இடமான, அழியாத நுண்பொருள். ஆணவம் என்னும் அறியாமை இருளில் கிடக்கும் உயிர்களுக்கு உடலும் கருவிகளும் உலகமும் நுகர்பொருளும் மாயையிலிருந்தே தரப்படுகின்றன. எனவே அத்வைதிக்குத் திரையாக நிற்கும் மாயை, சித்தாந்திக்கு இருளில் ஏற்றிய விளக்காகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மாயாவாதம் எனப்பட்ட அத்வைதத்தை எடுத்து மறுத்தார். உமாபதி சிவம் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மாயாவாதியையே முதலில் பேசவைத்தார்.

இவ்விரு கட்சிகளுள் அத்வைதத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்ற அந்த மருத்துவர் சுவாமி சிவானந்தர். திருநெல்வேலி மாவட்டப் பத்தமடையில் 1887இல் பிறந்த இவரது இயற்பெயர் குப்புசுவாமி. தஞ்சாவூரில் மருத்துவம் பயின்று, 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலம் அது. கங்காணிமார் வழியே வந்த தமிழர்கள் லயங்களில் தங்கி, விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பால்மரம் சீவினர். மலேரியா தோட்டங்களில் பலரைக் கொன்றது. சிரம்பானுக்கு அருகிலிருந்த தோட்ட ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ 7 ஆண்டுகளும், பின்னர் ஜொகூர் பாருவில் சுமார் 3 ஆண்டுகளும் அவர் வேலைபார்த்தார். இக்காலத்தில் ஒரு சாது கொடுத்த வேதாந்த நூல் தம் மனத்தைத் திருப்பியதாகப் பிற்காலத்தில் எழுதினார். 1923இல் வேலையை விட்டு இந்தியா திரும்பி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். 1936இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார்.

உலகம் நீண்ட கனவே என்று போதித்த சிவானந்தர் 1927இல் இலட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். இதில் முரண்பாடு காண்போர் உண்டு. அது முரண்பாடு அன்று. நடைமுறை மெய்ம்மை என்னும் படியில் காய்ச்சலும் மெய், மருந்தும் மெய். தோட்டத்துக் காய்ச்சலைப் பல ஆண்டுகள் பார்த்த ஒருவர் நோயாளியின் துன்பத்தைத் தோற்றம் என்று தள்ளவில்லை என்பது அத்வைதத்தைப் புரிந்துகொள்ள எந்த உரையையும்விட நன்றாக உதவுகிறது.

மேற்கில் மெய்யியலாளர் டேக்கார்ட் 1641இல், வஞ்சகப் பேய் ஒன்று தம் புலன்களை ஏமாற்றக்கூடும் என்ற ஐயத்தை எழுப்பினார். கணினி வந்தபின் ஐயம் வடிவம் மாறியது. இசட்-3 கணினியை 1941இல் உருவாக்கிய ஜெர்மானியர் கான்ராட் சூசே, அண்டமே ஒரு கணிப்பொறியாக இயங்கலாம் என்று 1969இல் நூல் எழுதினார். 1999இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' திரைப்படம் கருத்தை மக்களிடம் சேர்த்தது.

மெய்யியலாளர் நிக் போஸ்ட்ரம் 2003இல் வெளியிட்ட கட்டுரை இதை வாதமாக்கியது. மூன்றில் குறைந்தது ஒன்று உண்மையாக வேண்டும் என்கிறார் அவர்: மனித இனம் போன்றவை உணர்வுள்ள மனங்களைக் கணினியில் இயக்கும் வல்லமையை எட்டுமுன் அழிகின்றன, அல்லது எட்டியும் தம் முன்னோரின் உலகைக் கணினியில் இயக்க விரும்புவதில்லை, அல்லது நாம் ஏறத்தாழ உறுதியாகவே பாவனைக்குள் இருக்கிறோம். மூன்றாவதே உண்மை என்று அவர் சொல்லவில்லை. வாதம் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: சரியான கணக்கீடு நடந்தால், அது மூளையில் நடந்தாலும் சில்லில் நடந்தாலும், அங்கே உணர்வு தோன்றும். சித்தாந்தம் மறுக்கும் இடம் இதுதான். மனமும் புத்தியும் மாயையின் ஆக்கம், எனவே சடம். அறியும் உயிர் அவற்றிலிருந்து வேறு என்பதை நிறுவச் சிவஞானபோதத்தின் மூன்றாம், நான்காம் சூத்திரங்கள் பாடுபடுகின்றன. போஸ்ட்ரம் சில பத்திகளில் கடந்துசெல்லும் இந்த அனுமானம்தான் வாதத்தின் மிக மெலிந்த இடம்.

சோதித்தறியும் முயற்சிகளும் நடந்தன. 2012இல் இயற்பியலாளர்கள் சைலஸ் பீன், சோரே தாவூதி, மார்ட்டின் சாவேஜ் ஆகியோர், வெளி நுண்ணிய கட்டங்களாகக் கணக்கிடப்பட்டிருந்தால் மிக உயர் ஆற்றல் அண்டக் கதிர்கள் எல்லாத் திசைகளிலும் ஒரேபோல் வராமல் அக்கட்டங்களின் அமைப்பைக் காட்டக்கூடும் என்றனர். 2017இல் இயற்பியலாளர்கள் ரிங்கெலும் கோவ்ரிசினும் சில குவாண்டம் அமைப்புகளைச் சாதாரணக் கணினியில் பாவனை செய்யத் தேவைப்படும் வளம், துகள் எண்ணிக்கை கூடக்கூட அடுக்குக்குறி வேகத்தில் பெருகுவதைக் காட்டினர். பாவனை உலகம் பொய்த்துவிட்டது எனச் செய்தியாளர்கள் எழுதினர். ஆய்வோ அதைப் பற்றியது அன்று. நம் இயற்பியல் விதிகள் பாவனையை இயக்குவோரின் உலகுக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 2022இல் எழுதிய நூலில், உலகம் பாவனையாக இருந்தாலும் மேசையும் மரமும் மெய்யே, அவை எதனால் ஆனவை என்பதே மாறுகிறது என்று வாதிட்டார். ஆக்கப்பட்டது என்பதால் பொய்யாகாது என்ற அளவில் இது மெய்கண்டார் வழியோடு ஒத்துப்போகிறது. உயிர் பற்றிய இடத்தில் இரண்டும் பிரிகின்றன. எந்த அவதானிப்பாலும் உறுதியாகப் பொய்ப்பிக்க முடியாத நிலையில், பாவனை உலகக் கருதுகோளை இன்று அறிவியல் கோட்பாடாக ஏற்க இடமில்லை; அது மெய்யியல் வாதம் என்றே வகைப்படுத்தப்பட வேண்டும்.