மலைவாழையைப் பிடித்த முடிக்கொத்து

பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய். இவ்வளவுதான் சேர்மானம். கெடாமல் இருக்க ரசாயனம் எதுவும் போடாமலே அது டப்பாவில் நாள்பட நிற்கிறது. அதில் சர்க்கரைக்குப் பெரும்பங்கு உண்டு என்றாலும் பழத்தின் பங்கும் குறைவில்லை. விருப்பாச்சி மலைவாழை சின்னப் பழம்; சதையில் நீர் குறைவு; தித்திப்போடு லேசான புளிப்பும் கலந்திருக்கும். நீர் மிகுந்த பழத்தைப் பிசைந்தால் கலவை இளகிவிடும். இதைப் பிசைந்தால் கெட்டியாகவே இருக்கும்.

விருப்பாச்சி, ஒட்டன்சத்திரம் அருகே மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஒருகாலத்தில் கோபால் நாயக்கர் என்ற பாளையக்காரரின் பாளையமாக இருந்தது. பழம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டதே தவிர, விளைவதெல்லாம் மேலே. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்று கீழ்ப்பழனி மலையின் சரிவுகளில், ஏறக்குறைய 2,000 அடியிலிருந்து 5,000 அடி வரை. காப்பிச் செடிகளுக்கு நடுவே, மழையை மட்டும் நம்பி, ஒருமுறை நட்டால் பல வருடம் தார் தள்ளும் பயிர் இது. தாய்மரத்தை வெட்டியதும் பக்கக்கன்று தலையெடுக்கும். அந்தக் கன்றைப் பெயர்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுக்கலாம். விதையில்லாத வாழை பெருகுவதற்கு இருந்த வழி அது ஒன்றுதான். முடிக்கொத்து நோய் ஊர்விட்டு ஊர் பரவியதும் அதே வழியில்தான்.

முடிக்கொத்து என்னும் இந்த வைரஸ் நோய் முதலில் பதிவானது பிஜித் தீவில், 1889-இல். 1913-இல் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வந்துவிட்டது. இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளத்தில் கால்வைத்து, பிறகு மலையேறியது.

நோய் கண்ட கன்றை அடையாளம் காண இலைக்காம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நரம்பை ஒட்டிக் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறிப்பு எழுதியதுபோல் தெரியும். அடுத்து வரும் இலைகள் ஒன்றைவிட ஒன்று குறுகி, ஓரம் வெளிறி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். அப்படிப்பட்ட மரம் தார் தள்ளாது. தப்பித் தவறித் தள்ளினாலும் காய் தேறாது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் வாழைத் தோட்டங்கள் 1920-களில் ஏறக்குறைய அழிந்தே போயின. அங்கே மேகி என்ற ஆராய்ச்சியாளர், நோயைக் கொண்டுபோவது வாழை அசுவினி என்று நிறுவினார். மட்டை இடுக்கிலும் குருத்தின் அடியிலும் ஒளிந்து சாறு உறிஞ்சும் கரும்பழுப்புப் பூச்சி அது. எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் இருக்கும். வெட்டுக் கத்தியால் நோய் ஒட்டுவதில்லை. தோட்டத்துக்குள் அசுவினி பரப்புகிறது, ஊர்விட்டு ஊர் மனிதன் கன்றோடு சேர்த்துத் தூக்கிப் போகிறான். எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்துக்காக ஆஸ்திரேலியா காத்திருக்கவில்லை. நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அழிக்கவும், சுத்தமான கன்றை மட்டுமே நடவும் சட்டம் போட்டுத் தொழிலை மீட்டது.

பழனி மலையில் அது எளிதல்ல. செங்குத்தான சரிவில், காப்பிக்கு இடையே சிதறிக் கிடக்கும் பழைய குத்துகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். பிடுங்காமல் விட்ட ஒவ்வொரு குத்தும் நோயின் வீடாகிறது. ஒருகாலத்தில் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியதாக வாழை ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன.

எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தை உருவாக்கலாமே என்றால் அதுவும் எளிதல்ல. மேலே கொடைக்கானல் பக்கம் ஓட்டல்களுக்காகப் பயிராகும் லெட்யூஸுக்கு நோய் வந்தால் விஞ்ஞானிகளுக்கு ஒரு வழி உண்டு. அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் காட்டு லெட்யூஸைப் பயிர் ரகத்தோடு கலந்து, விதையெடுத்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்யலாம். மலைவாழையில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறது. மும்மடி குரோமோசோம் கொண்ட அந்தச் செடியில் விதை பிடிப்பதே அபூர்வம். போதாததற்கு, உண்ணும் வாழை ரகங்களில் முடிக்கொத்துக்கு அசைந்து கொடுக்காத ஒன்றும் கையில் இல்லை.

ஆனாலும் தமிழ்நாட்டில் வாழைக் கலப்பு முயற்சி 1949-இலேயே ஆடுதுறையில் தொடங்கிவிட்டது. பெண்பூ மடல் விரிந்த காலையில் மகரந்தத்தைக் கையால் தடவி, மூன்று மாதம் போல் காத்திருந்து, பழுத்த பழத்தைப் பிசைந்து வடிகட்டி, கிடைக்கிற சில விதைகளை முளைக்க வைக்க வேண்டும். மலைவாழையின் நெருங்கிய உறவான லாடனைக் காட்டுவாழையோடு கலந்து, அந்தக் கலப்பைக் கதலியோடு மறுபடி கலந்து, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.1 ரகத்தை உருவாக்கியது. விருப்பாச்சியின் புளிப்பு கலந்த சுவை அதில் இருந்தது; 4,000 அடி வரை பயிரிடலாம் என்றார்கள். சுவை கைகூடியது, முடிக்கொத்துக்கு விடிவு வரவில்லை.

விடிவு ஆய்வகத்திலிருந்து வந்தது. திருச்சியில் 1993-இல் அமைந்த தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திசு வளர்ப்பைக் கையில் எடுத்தன. நல்ல தாய்மரத்தின் குருத்து நுனியை எடுத்து, வைரஸ் இல்லை என்று சோதித்து உறுதி செய்த பிறகு, கண்ணாடிக் குடுவையில் பெருக்கிக் கன்றாக்குவது இந்த முறை. ரகம் மாறவில்லை, சுவை மாறவில்லை. கன்று மட்டும் சுத்தமானது. விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு 2008-இல் கிடைத்தது, பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல்.

திசு வளர்ப்புக் கன்றுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது. பக்கத்தில் நோய்க் குத்து ஒன்று நின்றால் அசுவினி அதையும் தேடி வரும். அதனால் நோய் கண்ட மரத்தின் தண்டில் களைக்கொல்லியை ஊசியால் செலுத்திக் குத்தோடு காயவிடுகிறார்கள். புதுக்கன்று நடுவதற்கு முன் சுற்றியுள்ள காப்பித் தோட்டத்தில் கைவிடப்பட்ட குத்து இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அந்தத் தோட்டம் வேறொருவருடையது என்றால் அவரிடம் பேசிச் சம்மதிக்க வைப்பது அடுத்த வேலை.