குமரப்பாவின் உரைகல்லும் மூன்று கம்பிகளும்

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். கருவியை மனிதன் ஆள்கிறானா, மனிதனைக் கருவி ஆள்கிறதா என்று பார்த்தே அவர் எதையும் எடைபோட்டார். 1929-ல் அகில பாரத சர்க்கா சங்கம் நல்ல ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தபோது விதித்த நிபந்தனைகளிலும் இந்தப் பார்வை உண்டு: விலை 150 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், 20 ஆண்டு உழைக்க வேண்டும், தேய்ந்த பாகங்களை மாற்றும் செலவு ஆண்டுக்கு விலையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. மைக்ரோகன்ட்ரோலருக்குப் புரோகிராம் ஏற்ற மாணவர்களும், இயங்காத ரவுட்டரை மீட்க மெக்கானிக்குகளும் கையாளும், கணினியின் யூஎஸ்பியைப் பழைய சீரியல் இணைப்பாக மாற்றித் தரும் யூஎஸ்பி-சீரியல் அடாப்டரை இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்பது தகும். கணினித் தொழில் கைவிட்ட ஒரு பொது வழியை எளியவர்களுக்குத் திறந்தே வைத்தது இந்தச் சிறு பலகைதான் என்பது என் முடிவு.

அந்த வழியின் பெயர் ஆர்எஸ்-232. அமெரிக்காவில் 1960-ல் டெலிடைப்பையும் மோடத்தையும் இணைக்க வகுத்த விதிமுறை. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவாக ஒரு கிரவுண்டு: அடிப்படைத் தேவை இவ்வளவே. ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட் ஒன்று, தரவு பிட்டுகள் எட்டு, நிறுத்த பிட் ஒன்று. இருபுறமும் ஒரே வேகம், பெரும்பாலும் வினாடிக்கு 9600 பிட். இதைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். மதுரைக்கு அருகே மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு 2001-ல் சென்னை ஐஐடியின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி வழியே இணையம் வந்தபோதும், சுவரில் மாட்டிய பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே ஓடியது இந்த சீரியல் இணைப்புதான்.

ஆனால் அதற்குள் யூஎஸ்பி வந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. வதோதராவில் படித்த அஜய் பட் உள்ளிட்ட இன்டெல் பொறியாளர்கள் முன்னின்று 1996-ல் வெளிவந்த யூஎஸ்பி, செருகியதும் வேலை செய்தது, வேகமும் அதிகம். மடிக்கணினிகளிலிருந்து சீரியல் போர்ட் மெல்ல மறைந்தது. பயனாளருக்கு வசதி கூடியது. கருவி செய்பவருக்குச் சுமை கூடியது. மூன்று கம்பி இருந்த இடத்தில் பெரிய விதிநூலும் டிரைவர் மென்பொருளும் வந்து நின்றன. அந்தச் சுமையை இறக்கியது அடாப்டர் சிப்தான். 2005-ல் இத்தாலியில் பிறந்த, மாணவர்களுக்கான மைக்ரோகன்ட்ரோலர் பலகையான ஆர்டுயினோவின் முதல் பலகைகளில் சீரியல் போர்ட் இருந்தது. பிறகு யூஎஸ்பியை சீரியலாக மாற்றும் ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனச் சிப் ஒன்றைச் சேர்த்து யூஎஸ்பிக்கு மாறினார்கள். இதன் பயன் தமிழ்நாட்டில் பெரிது. 2011 முதல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்தபோது, அரசுப் பள்ளி மாணவரின் கைக்கு வந்த கணினியில் யூஎஸ்பி மட்டுமே இருந்தது. ஒருகாலத்தில் சிப்பின் நினைவகத்தை அழிக்கப் புற ஊதா விளக்கும், எழுதத் தனிக் கருவியும் வேண்டியிருந்த வேலை, சீரியல் வழியே வரும் புரோகிராமைத் தானே எழுதிக்கொள்ளும் பூட்லோடர் உள்ள சிப்பும் ஒரு கேபிளும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே முடியும் என்றானது.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவானதும்கூட. அடாப்டரின் சிப் எங்கோ செய்யப்படுவது. அதன் உள்ளமைப்பு மூடியது. கல்லுப்பட்டியில் எவராலும் அதைச் செய்ய முடியாது. 2014-ல் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த எஃப்டிடிஐயின் புதிய டிரைவர் போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே சுழியாக்கியது. விஷயமறியாமல் வாங்கியவர்களின் அடாப்டர்கள் ஒரே நாளில் கணினிக்குத் தெரியாமல் போயின. எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலியைத் தடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. வாங்கியவரின் கைப்பொருளைத் தூரத்திலிருந்து முடக்கும் உரிமை இல்லை. குமரப்பா அஞ்சிய ஆட்சி இதுவே. சிப்பைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஏற்கிறேன். அந்த மூன்று கம்பிகளைப் பொறுத்தவரை ஏற்க முடியாது. எஃப்டிடிஐ சிப் வேண்டாம் என்றவர்கள் சீனாவின் சிஎச்340-க்குப் போனார்கள். தங்கள் பலகையிலோ புரோகிராமிலோ ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. யூஎஸ்பியையே உள்ளே கொண்ட புதிய மைக்ரோகன்ட்ரோலர்கள் வந்தபின் அடாப்டர் எதற்கு என்றும் கேட்கலாம். அவற்றிலும் பல, கணினியிடம் தங்களை சீரியல் போர்ட்டாகவே காட்டிக்கொள்கின்றன. யூஎஸ்பியே இல்லாவிட்டாலும் வழி அடைபடுவதில்லை: சீரியல் போர்ட் உள்ள பழைய கணினி ஒன்றும், மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ்232 சிப்பும், நான்கைந்து கெப்பாசிட்டர்களும் இருந்தால் அதே ஆர்டுயினோ சிப்பில் இன்றும் புரோகிராம் ஏற்றலாம்.