ஓலைக்கட்டும் எழுத்துருப் பொதியும்

கன்னட நாட்டில் வாழும் நமக்கு அத்திமப்பே அம்மையாரின் பெயர் புதிதல்ல. கி.பி. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த சமணப் பெருமாட்டி. பொன்ன கவி இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் ஓலைப் பிரதிகள் எழுதுவித்து வழங்கியவர். லக்குண்டியில் அவர் எடுப்பித்த பசதி இன்றைக்கும் நிற்கிறது. எங்கள் சமயத்தில் ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்று தானம் நான்கு. நாலாவது தானத்துக்கு உதாரணம் சொல்லச் சொன்னால் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது இவர் பெயர்தான்.

அந்த ஆயிரம் பிரதிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டெபியன் ஞாபகம் வருகிறது. சிரிக்க வேண்டாம். டெபியன் என்பது 1993இல் இயன் மர்டாக் தொடங்கிவைத்த கட்டற்ற மென்பொருள் தொகுப்பு. நம் பிள்ளைகள் பலர் உபயோகிக்கும் உபுண்டுவும் அதன் மேல் எழுப்பப்பட்டதே. கம்ப்யூட்டருக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் பொதி பொதியாகக் கட்டி வைத்திருப்பார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிரதி பண்ணி அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இதற்குள் நம் தமிழ் எழுத்துருக்கள் எப்படிக் கட்டப்பட்டு வந்தன என்பதுதான் நான் சொல்ல வந்த சரித்திரம்.

ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஏடுகளில் துளையிட்டு, மேலும் கீழும் சட்டம் வைத்து, கயிறு கோத்துக் கட்டியிருக்கும். கடைசி ஏட்டில் எந்த ஆண்டு, எந்த மாதம், யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று குறித்திருப்பார்கள். அந்தக் கடை ஏடு உதிர்ந்துபோன சுவடி, சீட்டு கிழிந்த சரக்கு மூட்டை மாதிரி. உள்ளே சரக்கு இருக்கும். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

1990களில் தமிழ் எழுத்துருக்களின் கதி இதுவே. ஆளுக்கொரு குறியேற்றம், ஒன்றில் அடித்தது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். உலகத் தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி டிஸ்கி என்ற குறியேற்றத்தை உண்டாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டை ஏற்றது. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம் பெற்றிருந்தும், அரசு அதை முறைப்படி ஏற்க 2010 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எழுத்துருக் கோப்புகள் பிளாப்பியிலும் குறுந்தட்டிலும் கைக்குக் கை போயின. யார் வரைந்தது, யார் அனுமதி என்ற சீட்டு பெரும்பாலும் கூடப் போகவில்லை. எங்கள் சமூகத்துக்காக அந்நாளில் ஒரு டி.டி.பி. கடையில் அச்சுக்கோத்த சிறு தோத்திரப் புத்தகம் ஒன்றின் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது; அந்த எழுத்துரு எங்கும் அகப்படவில்லை. திறந்தால் ஆங்கில எழுத்தும் முக்கோணமும்தான்.

டெபியன்காரர்கள் இந்த விஷயத்தில் கறார். 1997இல் அவர்கள் வகுத்த விதிகளின்படி, விலையில்லாமல் கிடைக்கிறது என்பது மட்டும் போதாது. மறுபடி பகிர, மாற்ற, மாற்றியதையும் பகிர உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொதிக்குள்ளும் காப்புரிமைக் கோப்பு ஒன்று கட்டாயம்: ஆக்கியவர் யார், எந்த உரிமம் என்று அதில் இருக்கும். நம் சுவடியின் கடை ஏடு அதுதான் என்பேன். எழுத்துருக் கோப்பு எல்லா மென்பொருளும் பார்க்கிற பொது அடைவில் போய் உட்காரும். ஒரு மென்பொருள் தனக்கென்று ஒரு நகலைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்வதை அவர்கள் விரும்புவதில்லை. நியாயந்தானே? பத்து இடத்தில் பத்து நகல் இருந்தால், பிழை திருத்தும்போது ஒன்றைத் திருத்தி ஒன்பதை விட்டுவிடுவோம். சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் பார்த்துப் பட்ட பாடு தமிழறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆரம்பத்தில், அதாவது 2000களில், இந்திய மொழி எழுத்துருக்கள் எல்லாம் ஒரே மூலப் பொதியாகக் கிடந்தன. அதிலிருந்து தமிழுக்கு ஒன்று, கன்னடத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கட்டினார்கள். தமிழ்ப் பொதிக்குள் மூன்று வீட்டுச் சரக்கு. டிஸ்கி வழி வந்த காமிக், பரணர், டைம்ஸ்; டாம் என்ற முன்னொட்டோடு காதம்பரி, கல்யாணி, மதுரம்; கூடவே லோஹித். (சங்கப் புலவர் பரணர் டைம்ஸோடு ஒரே மூட்டையில்!) லோஹித் என்றால் வடமொழியில் சிவப்பு. ரெட்ஹாட் நிறுவனம் 2004இல் வெளியிட்டதால் அந்தப் பெயர்.

மளிகைக் கடையில் துவரையும் உளுந்தும் ஒரே சாக்கில் வந்தால் என்ன ஆகும்? வரைந்தவர் வேறு, உரிமம் வேறு, பதிப்பு எண் வேறு. லோஹித்தில் ஒரு கொம்பு திருத்தினாலும் முழு மூட்டையையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். மூட்டையின் மேலிருந்த எண் உள்ளேயிருந்த எந்த எழுத்துருவின் எண்ணும் அல்ல. 2011ஐ ஒட்டி டெபியனின் எழுத்துருக் குழு இதைக் கலைத்தது. பழைய பொதிப் பெயர்கள் கோப்பு வகையைச் சொல்லும் ‘டிடிஎஃப்’ என்ற முன்னொட்டோடு தொடங்கின. புதியவை ‘ஃபான்ட்ஸ்’ என்று தொடங்கி, ஆக்கிய இடத்தையும் சொல்லின. லோஹித் தனி, சம்யக் தனி, டிஸ்கி வழி வந்தவை தனி. எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பொதி ஒன்று. அதைக் கேட்டால் மற்றவற்றை இழுத்து வரும். வியாபாரியாக நான் மெச்சியது இந்த ஏற்பாட்டை. சரக்கைக் கலக்கவும் இல்லை, வாங்க வந்தவரை அலைக்கழிக்கவும் இல்லை.

இந்தப் பெயர்களில் இன்னொரு நுட்பம். தமிழ் என்பதற்கு அவர்கள் போட்டது மொழிக்கான குறி அல்ல. டி, ஏ, எம், எல் என்ற நாலெழுத்து, ஐ.எஸ்.ஓ. 15924 தரப்படி வரிவடிவத்துக்கான குறி. எங்கள் வீட்டில் ணமோகார மந்திரம் ஓதுகிறோம்; மொழி பிராகிருதம், அச்சிட்டிருப்பது தமிழ் எழுத்தில். மொழியை வைத்துப் பெயரிட்டிருந்தால் அதற்கு எங்கே இடம்? மணிப்பிரவாளத்தில் அமைந்த ஸ்ரீபுராணத்துக்குக் கிரந்தம் வேண்டும். கிரந்தம் 2014இல் யூனிகோடில் ஏறியது. அதற்கு வேறு குறி.

லோஹித் தமிழில் இரண்டு உண்டு. ஒன்று இப்போதைய வடிவம். ‘கிளாசிக்கல்’ என்ற மற்றொன்று 1978 சீர்திருத்தத்துக்கு முந்தியது. பழைய ணை, லை, னை யானைத் துதிக்கையோடு நிற்கும். பழம்பதிப்புகளை உள்ளபடி அச்சிட நினைப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். அதையும் தனிப் பொதியாகவே வைத்தார்கள்.

2011இல் லோஹித் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. அதுவரை மென்பொருளுக்காக எழுதிய ஜி.பி.எல்.; அந்த எழுத்துருவைப் பொதித்த புத்தகத்தையும் உரிமம் கட்டுப்படுத்துமோ என்ற சந்தேகம் அதில் எப்போதும் உண்டு. புதியது எஸ்.ஐ.எல். நிறுவனம் எழுத்துருக்களுக்கென்றே வகுத்த உரிமம். எழுத்துருவைத் தனிச் சரக்காக விற்கக் கூடாது; மென்பொருளோடு சேர்த்துத் தரலாம். ஆக்கியவர் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால், திருத்தியவர் அதே பெயரில் வெளியிடக் கூடாது, வேறு பெயர் வைக்க வேண்டும். இடைச்செருகலால் இத்தனை தொல்லைப்பட்ட நம் இலக்கியத்துக்கு இப்படி ஒரு விதி ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

கடைசியாகக் கணக்கு. பழைய பேரேடுகளில் வருகிற பற்று, வரவு, மேற்படி, ரூபாய்க் குறிகள் 2003இல் யூனிகோடில் சேர்ந்தன. மா, காணி, முந்திரி முதலிய கீழ்வாய்க் குறிகளும் நில, தானியக் குறிகளுமாக 51 குறிகள் 2019 மார்ச்சில் ‘தமிழ்ப் பிற்சேர்க்கை’ என்ற பகுதியில் வந்தன. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. என் தலைமுறையிலேயே அதைக் கணக்கில் எழுதியவர் யாருமில்லை. கூகுளின் நோட்டோ குடும்பம் இதற்கு எழுத்துரு தருகிறது, ஆனால் நோட்டோ தமிழுக்குள் அல்ல, தனிக் கோப்பாக. வெறும் தமிழ் எழுத்துரு மட்டும் இருக்கிற கம்ப்யூட்டரில் காணிக்கும் முந்திரிக்கும் பதில் காலிக் கட்டம் வரும். அந்தக் கட்டத்துக்கு டோஃபு என்று பெயர். ‘டோஃபு வேண்டாம்’ என்பதன் சுருக்கமே நோட்டோ. தாத்தா, பூட்டன் காலத்துப் பேரேட்டை அப்படியே தட்டச்சு செய்ய நினைக்கிறவர்கள் நோட்டோ பொதியையும் நிறுவிக்கொண்டு தொடங்குவது நல்லது.